கடல் இல்லாத மாவட்டத்தில் கடல் மீன்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. இங்கே ஒருவர் வீட்டில் கோமாளி மீன் வளர்க்க ஆசைப்பட்டால் மீன் வெளியூரிலிருந்து வரவேண்டும், பக்கெற்றில் அடைத்த செயற்கைக் கடலுப்பும் வெளியூரிலிருந்து வரவேண்டும். லீற்றருக்கு சுமார் 35 கிராம் என்று அந்த உப்பைக் கரைக்கும் தண்ணீர் மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு. அது குழாயில் வருவதா, சவ்வு வழியே நீரை வடிக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து வருவதா என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நாங்க குடிக்கிற தண்ணிதானே, மீனுக்கு என்ன வரப்போகுது?"

நியாயமாகத் தோன்றும் பேச்சு. ஆனால் மனிதன் அஞ்சும் பொருள் வேறு, கடல் தொட்டி அஞ்சும் பொருள் வேறு. மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, கிழக்கே வில்கமுவ பக்கத்துக் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். சில இடங்களில் புளோரைட்டு மிகுந்து பிள்ளைகளின் பல்லில் கறை விழும். காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வில்கமுவவை வாட்டுகிறது. அதற்கான சந்தேகப் பட்டியலிலும் நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் இருக்கின்றன. ஆகவே கடல் மீனுக்கும் அந்த நீர் விஷம் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு மாதிரி. கடல் நீரில் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், 1,280 அளவில் மக்னீசியம். அதன் கடினத்தன்மை 6,000-ஐத் தாண்டும். சில நூறு காட்டும் கிணறு அதன் முன் எம்மாத்திரம்! புளோரைட்டும் கடலில் இயல்பாகவே சுமார் 1.3 மில்லிகிராம் உண்டு. பவளத்துக்குக் கல்சியம் ஊட்டவென்றே சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சுண்ணாம்புச் சூளையும் டொலமைட் கல்லுடைப்பும் பார்த்து வளர்ந்த மாத்தளைக்காரருக்கு இதில் வியப்பு இருக்காது.

இப்போது மறுபக்கம். குடிநீரில் செம்பு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடல் மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் ஒட்டுண்ணியைக் கொல்லத் தொட்டியில் விடும் செம்பு 0.2 மில்லிகிராம் அளவுதான். அந்தச் சொட்டுக்கே இறாலும் பவளமும் செத்துவிடும் என்பதால்தான் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்திடுகிறார்கள். நமக்கு அனுமதித்த அளவு, பவளத்தைக் கொல்லும் மருந்தின் பத்து மடங்கு! எங்கள் வீடுகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்கள் என்பதால் செம்புப் பயம் குறைவு. இருந்தாலும் பித்தளைத் திருகுபிடியில் இரவெல்லாம் தேங்கிய நீரைக் காலையில் முதலில் பிடித்துத் தொட்டிக்கு விடாமலிருப்பது நல்லது.

குளோரினை எல்லோரும் பெரிய எதிரியாகச் சொல்வார்கள். உண்மையில் அதுதான் எளிதில் தொலையும் எதிரி. வாளியில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் தயோசல்பேற் சொட்டு போதும். கொதிக்கவைப்பதும் குளோரினை நீக்கும். ஆனால் நைத்திரேற்றை அது தொடாது, நீர் வற்ற வற்றச் செறிவைக் கூட்டத்தான் செய்யும்.

ஆர்.ஓ. இதற்கு நேர்மாறு. நல்லது கெட்டது பார்க்காமல், கரைந்திருப்பதில் பெரும்பகுதியைச் சவ்வுக்கு அப்பால் நிறுத்திவிடும். எது வேண்டும் என்பதை உப்புப் பக்கெற் பிறகு தீர்மானிக்கும். விலை இருக்கிறது: வீட்டுக் கருவியில் ஒரு லீற்றர் நல்ல நீருக்கு மூன்று நான்கு லீற்றர் கழிவாக ஓடும்.

முதல் நாள் நிரப்பும்போது குழாய் நீருக்கும் ஆர்.ஓ. நீருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் ஆவியில் இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு போவதில்லை. 100 லீற்றர் தொட்டியில் நாளுக்கு ஒரு லீற்றர் குறைகிறது என்று வையுங்கள். அதைக் குழாய் நீரால் ஈடுசெய்தால் ஆண்டுக்கு 365 லீற்றர். நீர் வெளியேறிவிடும், அது கொண்டுவந்தது உள்ளேயே கிடக்கும். அந்த நீரில் நைத்திரேற்று வெறும் 10 மில்லிகிராம் என்றாலும் ஆண்டு முடிவில் தொட்டியில் லீற்றருக்கு 36 மில்லிகிராம் ஏறியிருக்கும். மனிதருக்கு 50 வரை அனுமதி. பவளம் வளர்ப்பவர் 10-க்குக் கீழே வைக்கப் பாடுபடுவார். பொஸ்பேற்றும் சிலிக்காவும் இதே வழியில்தான் சேரும். கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படர்ந்தபின் மீன் தீனியைக் குறை சொல்லிப் பயனில்லை. உலர் வலய நிலத்தடி நீரில் உப்பு செறிவதிலும் இதே ஆவியாதலுக்குப் பங்கு உண்டு. மாவட்டத்தின் வடக்கில் நிலம் காலங்காலமாகச் செய்வதை, வரவேற்பறைத் தொட்டி ஒரே ஆண்டில் செய்து காட்டுகிறது.

என் கட்சி இது. மீன் மட்டும் வளர்ப்பவர் மாத்தளை நகரக் குழாய் நீரைக் குளோரின் போக்கி முதலில் நிரப்பலாம், அதற்காகப் பயப்படவேண்டாம். நாள்தோறும் ஈடுசெய்யும் ஒரு போத்தல் நீர் மட்டும் ஆர்.ஓ.வாக இருக்கட்டும். பவளம் வைப்பவருக்கு முதல் சொட்டிலிருந்தே ஆர்.ஓ.தான், அதுவும் கடைசியில் அயன் நீக்கும் பிசின் வைத்தது. காசு கொடுத்து வாங்கும் ஆர்.ஓ. நீரைக் கண்ணை மூடி நம்பவேண்டாம்; சில இடங்களில் குடிப்பவருக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதுண்டு. பேனா அளவிலான ரி.டி.எஸ். மானியைத் தோய்த்தால் கரைந்தது எவ்வளவென்று தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் மனதுக்கு ஒவ்வவில்லை. வில்கமுவ போன்ற ஊர்களில் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தது சிறுநீரகத்துக்குப் பயந்தவர்களுக்காக. கான் பிடித்து நிற்கும் அந்த வரிசையில் தொட்டிக்காரர் போய் நூறு லீற்றர் கேட்கக் கூடாது. அங்கே இருப்பவர், வீட்டிலேயே சிறு கருவி பூட்டி, கழிவு நீரைத் தென்னைக்கு விடட்டும்.