வீட்டுக் கரோக்கி: தாளம் தப்புறது உங்க குரலா, செட்டப்பா? வாங்குவது முதல் இரவு 10 மணி விதி வரை

புது மைக்கைப் பெட்டியிலிருந்து பிரித்தாயிற்று. டிவியில் பாட்டு வரிகள் ஓடுகின்றன. ஆனால் பல்லவி முடிவதற்குள் இசை ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போய்விடுகிறது. நடுவில் காதைக் கிழிக்கும் 'கீ...' சத்தம் வேறு. "மச்சி, நீ பாத்ரூம்லயே பாடு" என்று ரூம்மேட் சிரிக்க, மைக் அன்றைக்கே அலமாரிக்குள் போகிறது.

பெங்களூரு, புனே, குருகிராம் என்று வேலைக்காக ஊர் மாறி, வாடகை ஃபிளாட்டில் இருக்கும் பலருக்கு வார இறுதிக்கு ஏற்ற பொழுதுபோக்கு கரோக்கி. பெரிய செலவும் இல்லை. ஆனால் முதல் நாளே வெறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் குரல் இல்லை, ஒயர் மாட்டிய விதம். அதைச் சரிசெய்வது எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் பாடுவது எப்படி? பார்க்கலாம்.

கரோக்கி எப்படி வந்தது?

'கரோக்கி' ஜப்பானியச் சொல். 'காரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். பாடகர் இல்லாத வெறும் இசை என்று பொருள்.

ஜப்பானின் கோபே நகரத்து பார்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னணி வாசித்துக்கொண்டிருந்தவர் டாய்சுகே இனோவே. அவருடைய வாசிப்புக்கு மட்டுமே பாடவரும் ஒரு வாடிக்கையாளர், வெளியூர்ப் பயணத்துக்கு அவரை அழைத்தார். போக முடியாத இனோவே, அந்த மனிதரின் குரலுக்கு ஏற்ற சுருதியில் இசையைப் பதிவு செய்து கொடுத்து அனுப்பினார். அந்த யோசனையே 1971-ல் காசு போட்டால் பாடும் இயந்திரமாக மாறியது. முதலில் செய்தது 11 இயந்திரங்கள். அவர் காப்புரிமை வாங்கவில்லை. 2004-ல் அவருக்குக் கிடைத்தது, வேடிக்கையான கண்டுபிடிப்புகளுக்கான 'இக் நோபல்' அமைதிப் பரிசு.

பாடுபவரின் குரலுக்கு ஏற்ப இசையை மாற்றுவதில்தான் கரோக்கி தொடங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் இங்கே வருவோம்.

எதை வாங்குவது?

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

கையடக்க புளூடூத் மைக்: மைக்குக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர் இருக்கும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. குழந்தைகளுக்கும் பயணத்துக்கும் போதும். பேஸ் வராது.

ட்ராலி அல்லது பார்ட்டி ஸ்பீக்கர்: ஸ்பீக்கர், மிக்ஸர், பேட்டரி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். ஒன்றிரண்டு மைக்கும் சேர்ந்தே வரும். சில ஆயிரங்களில் தொடங்கும். தொந்தரவு இல்லாத தேர்வு இதுதான்.

டிவியோடு தனி மிக்ஸர்: வீட்டில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர் அல்லது ஆக்ஸ் வசதியுள்ள ஸ்பீக்கர் இருந்தால், ஒரு சின்ன கரோக்கி மிக்ஸரும் மைக்கும் வாங்கினால் போதும்.

கடையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வாட்ஸ். 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதற்கு எந்தப் பொதுவான அளவுகோலும் கிடையாது. 'ஆர்எம்எஸ்' என்ன என்று கேளுங்கள், அதுதான் உண்மையான கணக்கு. ஒரு ஹாலுக்கு 30-40 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். இரண்டு, அடாப்டரிலும் லித்தியம் பேட்டரியிலும் பிஐஎஸ் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, மைக்குக்கும் இசைக்கும் தனித்தனி வால்யூம் இருக்க வேண்டும். ஒரே வால்யூம் பட்டன் இருக்கும் பெட்டியில் யாராலும் நன்றாகப் பாட முடியாது.

குரல் ஏன் பின்தங்கி வருகிறது?

வீட்டுக் கரோக்கியின் பெரிய வில்லன் தாமதம்.

ஒயரில் போகும் ஒலிக்குத் தாமதம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. புளூடூத் அப்படியல்ல. ஒலியைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாக அனுப்பி, மறுமுனையில் பிரித்து ஒலிக்க வைக்க வேண்டும். சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் இதற்கு 100 முதல் 200 மில்லி விநாடிக்கு மேல்கூட ஆகலாம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள ஒரு பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியே 500 மில்லி விநாடிதான். 200 மில்லி விநாடி தாமதம் என்றால், கிட்டத்தட்ட பாதித் தட்டு போச்சு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் குரலையே சுமார் 200 மில்லி விநாடி தாமதமாக நம் காதில் கேட்கவைத்தால், நன்றாகப் பேசுபவருக்கும் நாக்கு குழறும். பேச்சு ஆய்வாளர்கள் 1950-களிலிருந்தே அறிந்த விஷயம் இது. அதாவது, நல்ல பாடகரை உட்கார வைத்தாலும் இந்த செட்டப்பில் அவர் சொதப்பத்தான் செய்வார்.

அப்படியானால் புளூடூத்தே கூடாதா? கூடும். விதி இவ்வளவுதான்: பாட்டு புளூடூத்தில் வரலாம், குரல் புளூடூத்தில் போகக் கூடாது.

ட்ராலி ஸ்பீக்கரில் மைக்கை நேரடியாக மாட்டி, பாட்டை மட்டும் ஃபோனிலிருந்து புளூடூத்தில் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். பாட்டு தாமதமாகத்தான் வருகிறது. ஆனால் நீங்கள் பாடுவது காதில் விழும் இசைக்கு. குரல் உடனே கேட்கிறது. எனவே தாளம் நிற்கும். அதிகபட்சம், திரையில் வரிகள் ஒரு நொடியின் சிறு பங்கு முந்தி ஓடும். அது பழகிவிடும்.

மாறாக, மைக்கை ஃபோனிலோ மிக்ஸரிலோ மாட்டி, அங்கிருந்து மொத்தத்தையும் புளூடூத் சவுண்ட்பாருக்கு அனுப்பினால் உங்கள் குரலும் தாமதமாகும். அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

கம்பியில்லா மைக் என்றாலே புளூடூத் என்று நினைக்க வேண்டாம். தனி ரிசீவரோடு வரும் யுஎச்எஃப் மைக்குகளில் தாமதம் தெரியாது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மைக்குகளும் பெரும்பாலும் பரவாயில்லை. வைஃபையும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால், குரல் விட்டுவிட்டு வந்தால் ரிசீவரை ரவுட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

எப்படி இணைப்பது?

டிவியும் மிக்ஸரும் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் செய்யலாம்.

1. எல்லாக் கருவிகளையும் அணைத்து, எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வையுங்கள்.

2. டிவியின் ஹெட்ஃபோன் அல்லது ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து மிக்ஸரின் இசை உள்ளீட்டுக்கு ஒயர் கொடுங்கள். டிவியின் ஹெட்ஃபோன் துளையில் மைக்கை மாட்டினால் வேலை செய்யாது, அது ஒலி வெளியே வருவதற்கான வழி.

3. மைக்கை மிக்ஸரில் மாட்டுங்கள். தடித்த 6.35 மில்லிமீட்டர் ஜாக் அதற்குத்தான்.

4. மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர். இங்கே புளூடூத் வேண்டவே வேண்டாம்.

5. டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பாட்டு இரண்டு இடத்திலிருந்து முன்பின்னாகக் கேட்கும்.

6. முதலில் இசையை, பேச்சுச் சத்தம் அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு மைக்கை மெதுவாக ஏற்றுங்கள். குரல் இசைக்குச் சற்று மேலே கேட்டால் போதும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: மைக்கில் 'ட' என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒரே 'ட' கேட்டால் நல்லது. 'ட... ட' என்று இரண்டு கேட்டால், குரல் போகும் வழியில் எங்கோ தாமதம் இருக்கிறது. எக்கோவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அந்த 'கீ...' சத்தம் எதனால்?

ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய், அது மீண்டும் பெருகி ஸ்பீக்கரில் வருகிறது. இந்தச் சுழற்சிதான் ஊளைச் சத்தம்.

ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னால், பார்ப்பவர்களை நோக்கி இருக்கட்டும். மைக்கின் தலை எப்போதும் ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி மூன்று, நான்கு விரல் அளவு போதும். தள்ளிப் பிடித்தால் வால்யூமை ஏற்ற வேண்டிவரும், ஏற்றினால் ஊளை வரும். முக்கியமாக, ராப் பாடகர்கள் மாதிரி மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை மைக் வாங்க ஆரம்பிக்கும்.

எக்கோ, சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. தெரியாத அளவுக்குத்தான் இருக்கணும்.

பழைய பாட்டுக்கு டிராக் கிடைக்கலையே?

யூடியூபில் 'கரோக்கி' என்று சேர்த்துத் தேடினால் தமிழ்ப் பாட்டுகள் ஏராளமாகக் கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குக் குரலை நீக்கும் வசதியை நாடலாம்.

சில பெட்டிகளில் இருக்கும் 'வோக்கல் கட்' பட்டன் ஒரு பழைய தந்திரம். ஸ்டீரியோ பாட்டில் குரல் இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் மறையும். கூடவே நடுவில் இருக்கும் பேஸும் டிரம்ஸும் போய்விடும். 1960-களின் மோனோ பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி. அதைக் கழித்தால் மிஞ்சுவது மௌனம்தான்! எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டுக்கு அந்தப் பட்டனை அழுத்திவிட்டு மெஷின் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் புதிய செயலிகள் கழித்தல் கணக்குப் போடுவதில்லை. குரல் எது, கருவி எது என்று கற்றுக்கொண்டு பிரிக்கின்றன. மோனோ பாட்டிலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன. வீட்டில் பாடுவதோடு நிறுத்திக்கொண்டால் பிரச்னை இல்லை. பாடியதை இணையத்தில் பதிவேற்றினால், இசை உரிமையாளரிடமிருந்து காப்புரிமைக் கோரிக்கை வரலாம்.

இரவு 10 மணி வரை எவ்வளவு சத்தமும் வைக்கலாமா?

கூடாது. பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது.

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியாருக்குச் சொந்தமான ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது பகலில் 60, இரவில் 50. ஒரு மீட்டர் தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசினாலே சுமார் 60 டெசிபல் வரும். ஃபிளாட்டில் எல்லை என்பது நடைமுறையில் உங்கள் வாசற்கதவும் பொதுச் சுவரும்தான். பகலிலும் வரம்பு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

புகார் போலீஸ் வரை போகாமல் இருக்கலாம். ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கு, அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு மெசேஜும், அதைப் பார்த்த ஹவுஸ் ஓனரின் ஒரு ஃபோனும் போதும். "பேச்சுலர்ஸ்னாலே இப்படித்தான்" என்ற பேச்சு அடுத்த வீடு தேடும்போதும் கூடவே வரும்.

சத்தத்தில் அதிக தூரம் பயணிப்பது பேஸ். அது கான்கிரீட் தளம் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், தடித்த ஃபோம் அல்லது மடித்த யோகா மேட் மேல் வையுங்கள். பொதுச் சுவரில் சாய்க்காதீர்கள். பேஸைக் குறையுங்கள், ஜன்னலை மூடுங்கள். திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. 10 மணிக்கு மேலும் பாடியே ஆக வேண்டுமென்றால், மிக்ஸரில் ஒயர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் காதும் கணக்கில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் பாதுகாப்பானது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 92 டெசிபலில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், வால்யூமைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு.

யாரும் தொடாத அந்தப் பட்டன்

பல மிக்ஸர்களிலும் செயலிகளிலும் 'கீ' என்று ஒரு பட்டன் இருக்கும். பாட்டின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்குவது அது. ஒரு முறை அழுத்தினால் ஒரு அரைச்சுரம், கிட்டத்தட்ட நம்ம அரைக் கட்டை.

சரணத்தில் குரல் எட்டாமல் கத்த வேண்டிவந்தால், இரண்டு மூன்று முறை கீழே இறக்கிப் பாருங்கள். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடுகிறார் என்றால், நான்கைந்து அரைச்சுரம் மாற்ற வேண்டியிருக்கும். ரொம்பவும் மாற்றினால் இசை செயற்கையாக ஒலிக்கும். தொண்டை வலிக்கும் வரை உச்சத்தில் பாடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கும்போது இந்தப் பட்டன் இன்னும் முக்கியம். வயது கூடும்போது குரலின் வீச்சு மாறும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் பெரும்பாலும் சற்றுக் கீழே இறங்கும். இருபது வயதில் பாடிய பாட்டை அதே சுருதியில் முயன்றுவிட்டு, "எனக்குக் குரலெல்லாம் போயிடுச்சுப்பா" என்று அம்மா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குரல் எங்கேயும் போகவில்லை, இரண்டு மூன்று படி கீழே இறங்கியிருக்கிறது. அந்த வாடிக்கையாளருக்கு இனோவே செய்துகொடுத்ததை நீங்கள் ஒரு பட்டனில் செய்யலாம். கீயை மூன்று முறை இறக்கிவிட்டு, "இன்னொரு தடவை பாடுங்கம்மா" என்று மைக்கை மறுபடி கையில் கொடுங்கள். மணி 10 ஆவதற்குள்.