ஜூன் 24 (மெல்லிசை வரலாற்றில்)

ஜூன் 24, கிரெகோரியன் நாட்காட்டியில் ஆண்டின் 175ஆவது நாள். லீப் ஆண்டில் 176ஆவது. தமிழ்த் திரையிசையில் இது கவிஞர் கண்ணதாசனும் இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதனும் பிறந்த நாள். ஓராண்டு இடைவெளியில் ஒரே தேதியில் பிறந்த இவ்விருவரும் இணைந்து பணியாற்றிய காலமே தமிழ்த் திரைப்பாடலின் பொற்காலம். அர்ஜென்டினாவில் இந்நாள் டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெலின் நினைவு நாள்.

கண்ணதாசன் 1927இல் காரைக்குடி வட்டாரத்தின் சிறுகூடல்பட்டியில், நகரத்தார் குடும்பமொன்றில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தார். இயற்பெயர் முத்தையா. சிறு வயதிலேயே வேறொரு வீட்டுக்குச் சுவீகாரம் போனார். அங்கே அவர் பெயர் நாராயணன். ‘கன்னியின் காதலி’ (1949) படத்தில் பாடலாசிரியராக அறிமுகமானார். ‘மாலையிட்ட மங்கை’ (1958), ‘சிவகங்கைச் சீமை’ (1959) முதலிய படங்களைத் தாமே தயாரித்தார். பாட்டில் வந்த பணம் படத்தயாரிப்பில் போனது என்பதை அவரே மறைத்ததில்லை. ‘குழந்தைக்காக’ (1968) படப் பாடலுக்காக, சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் இவரே. ‘சேரமான் காதலி’ நாவலுக்கு 1980இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் காலமானார்.

விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்து கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தவர், அங்கு நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். பிழைப்புக்காகக் கோவைக்கு வந்து, ஜூபிடர் பட நிறுவனத்தில் காபி வாங்கிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். எஸ். எம். சுப்பையா நாயுடு அங்கே இசையமைத்துக்கொண்டிருந்தார். விசுவநாதன் தொழில் கற்ற பள்ளிக்கூடம் அந்த இசைக்கூடமே. பின்னர் சென்னையில் சி. ஆர். சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். அதே குழுவில் வயலின் வாசித்தவர் டி. கே. ராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் இளம் வயதில் இறந்தபோது ‘தேவதாஸ்’, ‘சண்டிராணி’ ஆகிய படங்களின் வேலை பாதியில் நின்றது. அதை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். இரட்டையர் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ (1952) அவர்களுடைய முதல் படம். தயாரித்தவர் ஏ. எல். சீனிவாசன், கண்ணதாசனின் அண்ணன். 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம் கிடைத்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்துக்குப் பின் இருவரும் பிரிந்தனர். பட்டம் அன்று முதல் ஒருமையில், பெரும்பாலும் விசுவநாதனுக்கே வழங்கலாயிற்று. ராமமூர்த்திக்கு இதில் நேர்ந்த குறை இன்றுவரை சரிசெய்யப்படவில்லை.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று கண்ணதாசன், விசுவநாதன் இருவரைப் பற்றி அடிக்கடி விவாதிப்பார்கள். இரண்டும் நடந்தன; மெட்டு முந்தியதே அதிகம். விசுவநாதன் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பல்லவியின் சந்தத்தைத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். கவிஞர் பேனாவைத் தொடுவது அரிது. உட்கார்ந்தபடி வரிகளைச் சொல்லிக்கொண்டே போவார், உதவியாளர் எழுதுவார். அந்த வேலையில் நெடுங்காலம் இருந்தவர் அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம். பின்னாளில் ‘அன்னக்கிளி’ (1976) வழியாக இளையராஜாவை அறிமுகப்படுத்தியவரும் அவரே. ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961இல், ஒரே ஆண்டில் வெளிவந்தவை. எந்த வேகத்தில் வேலை நடந்தது என்பதற்கு இதுவே போதும்.

இதே நாளில் 1935இல், கொலம்பியாவின் மெதெயின் நகர விமான தளத்தில், ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் ஒன்று விலகிச் சென்று, புறப்படக் காத்திருந்த மற்றொன்றின் மீது மோதித் தீப்பற்றியது. கார்தெலும் அவருடைய பாடலாசிரியர் அல்பிரெடோ லெ பெராவும் அதில் இறந்தனர். பிரான்சின் துலூஸ் நகரில் 1890இல் பிறந்து புவெனஸ் ஐரிஸில் வளர்ந்த கார்தெல், 1917 முதல் டாங்கோவைப் பாடும் இசையாக்கியவர்; அதற்கு முன் அது பெரும்பாலும் ஆடும் இசை. நியூயார்க்கில் எடுத்த கடைசிக் காலப் படங்களில் மெட்டு கார்தெலுடையது, வரிகள் லெ பெராவுடையவை. அவற்றுள் ஒன்றில் செய்தித்தாள் விற்கும் சிறுவனாகத் தோன்றிய ஆஸ்டர் பியாசோலா பின்னாளில் டாங்கோவின் போக்கையே மாற்றினார். கடைசிப் பயணத்துக்கு அவரையும் கார்தெல் அழைத்திருந்தார். வயது போதாது என்று தந்தை விடவில்லை. புவெனஸ் ஐரிஸின் சகாரிதா கல்லறைத் தோட்டத்தில் உள்ள கார்தெல் சிலையின் விரலிடுக்கில் ரசிகர்கள் இன்றும் சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகிவிட்டுப் போகிறார்கள். அவருடைய ஒலிப்பதிவுகள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன.

ஆங்கில ராக் இசையில் கிதார் கலைஞர் ஜெப் பெக் (1944), டிரம்ஸ் கலைஞர் மிக் பிளீட்வுட் (1947) ஆகியோர் இந்நாளில் பிறந்தவர்கள். பீட்டில்ஸ் குழு 1965இல் மிலான் நகரின் சைக்கிள் பந்தயத் திடலில் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரு நிகழ்ச்சிகள் நடத்தியது. அடுத்த ஆண்டு இதே தேதியில் மியூனிக்கில் ஒரு சர்க்கஸ் அரங்கில் பாடியது.

விசுவநாதன் 2015 ஜூலை 14 அன்று சென்னையில் காலமானார். அவர் இசையமைத்த தமிழ்த்தாய் வாழ்த்து 2021இல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.