இதயத் தமனி நோயில் தன்னெதிர்ப்பின் பங்கு

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவுகள் வளர்ந்து ரத்த ஓட்டத்தைக் குறைப்பது இதயத் தமனி நோய். படிவின் மேலுறை கிழிந்து அங்கே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு ஏற்படுகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் இதற்கு மூலகாரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் படிந்த இடத்தை ஆறாத அழற்சியாக மாற்றுவதில் தன்னெதிர்ப்புக்கும், அதாவது உடல் தன் சொந்தப் பொருளையே பகையாகக் கொண்டு தாக்கும் போக்குக்கும், பங்கு உண்டு. முடக்குவாதத்தைப் போல இதைத் தன்னெதிர்ப்பு நோயாக வகைப்படுத்துவதில்லை. தொடங்கிவைப்பது கொழுப்பு, முற்றச்செய்வது நோயெதிர்ப்பு என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

தமனிச் சுவரில் சிக்கும் எல்டிஎல் துகள்கள் ஆக்சிஜனேற்றத்தால் உருமாறுகின்றன. விழுங்கணுக்கள் அவற்றை உட்கொண்டு, கொழுப்பு நிறைந்து நுரைபோலத் தோன்றும் செல்களாகின்றன. பின்னாலேயே நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களும் வந்து சேர்கின்றன. மனிதப் படிவுகளிலிருந்து பிரித்தெடுத்த டி செல்களில் சில, இப்படி உருமாறிய எல்டிஎல்லை இனங்கண்டு வினைபுரிவதை ஸ்வீடனின் யோரான் ஹான்சன் குழு 1995இல் காட்டியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் ஜார்ஜ் விக் குழு 1992இல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவின் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை ஊசி மூலம் செலுத்தியபோது, கொழுப்பு கூட்டாத உணவு தின்ற முயல்களின் தமனிகளிலும் சேதம் தோன்றியது. நெருக்கடிக்கு உள்ளாகும் தமனிச் செல்களும் அதே சாயலுள்ள புரதத்தை வெளிக்காட்டுவதால், கிருமிக்கென எழுந்த எதிர்ப்பு அவற்றின்மீதும் பாய்கிறது என்பது அக்குழுவின் விளக்கம்.

விலங்குச் சோதனையை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் நோயாளிகளின் பதிவுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. தன்னெதிர்ப்பு நோயான லூபஸ் உள்ள 35–44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 50 மடங்கு என 1997இல் ஒரு அமெரிக்க ஆய்வு கணித்தது. ஸ்டீராய்டு மருந்தும் சிறுநீரகப் பாதிப்பும் இதற்குக் காரணமாகலாம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் பிரிட்டனில் 2.2 கோடி பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வில், தன்னெதிர்ப்பு நோயின் வகையைப் பொறுத்து இதயநாள நோய் வாய்ப்பு 1.4 முதல் 3.6 மடங்கு வரை இருந்தது. புகை, ரத்த அழுத்தம், உடல் பருமன் போன்ற வழக்கமான காரணங்களால் மட்டும் அதை விளக்க முடியவில்லை.

அழற்சி என்பது நோயின் விளைவே, காரணமல்ல என்போருக்குச் சிகிச்சை ஆய்வுகள் பதில் தருகின்றன. மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் நடந்து 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் மருந்தின் 150 மில்லிகிராம் அளவு, எல்டிஎல்லைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதயநாள மரணம் ஆகியவற்றின் வாய்ப்பை 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் குறைந்த அளவில் பலன் தரவில்லை. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளில் உள்ள, அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின், 2019, 2020 ஆய்வுகளில் பலன் காட்டியும் 2024இல் வெளியான பெரிய ஆய்வில் காட்டவில்லை. இவற்றில் பலன் தந்தவை அழற்சியின் பங்கை நிறுவினாலும், தன்னெதிர்ப்பை நேரடியாகச் சோதித்தவை அல்ல. மேலும், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் படிவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துபவை. ஆகவே எதிர்ப்பாற்றலை மொத்தமாக முடக்குவது தீர்வாகாது. எல்டிஎல்லைக் குறைப்பதை முதன்மையாக வைத்து, தீங்கு செய்யும் கிளையை மட்டும் அடக்குவதே சான்றுகள் காட்டும் வழி.