த்ரெஷர்: ஃபெயிலான 14 சதவீதம்

டெஸ்டிங்கைப் பாதியில் நிறுத்திட்டு ரிலீஸ் பண்றது நம்ம பொழப்புல புதுசில்லைங்க. த்ரெஷர்னு அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி. பழுதுபார்க்கும்போது 145 குழாய் இணைப்புகளை அல்ட்ராசோனிக்கில் சோதித்தார்கள். சுமார் 14 சதவீதம் தேறவில்லை. மிச்சத்தைப் பார்க்காமலே கடலுக்கு அனுப்பினார்கள். 1963 ஏப்ரல் 10, ஆழ்கடல் சோதனையில் 129 பேரோடு மூழ்கியது.

இணைப்பு ஒன்று விட்டு, தண்ணீர் பீய்ச்சி, அணு உலை நின்றிருக்கலாம் என்றது விசாரணை. அன்றைய விதிப்படி உலையை மறுபடி கிளப்ப நேரம் பிடிக்கும்.

அந்த டிசம்பரிலேயே சப்சேஃப் திட்டம் வந்தது. கடல்நீரைத் தடுக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்துச் சான்று கட்டாயம். உலையைச் சீக்கிரம் கிளப்பும் முறையும் வந்தது. 1968ல் 99 பேரோடு போன ஸ்கார்பியனுக்கு அந்தச் சான்று கிடையாது. சான்று வாங்கின ஒண்ணுகூட இதுவரை மூழ்கலை.

இனிமே செக்லிஸ்ட்டைப் பார்த்து அலுத்துக்க மாட்டேன்.