பழச்சாறும் நுரைக்கும் வைனும்: பெல்லினி, மிமோசா, பக்ஸ் ஃபிஸ்

லண்டனிலோ பாரிஸிலோ கொழும்பின் நட்சத்திர ஹோட்டல் ஒன்றிலோ ஞாயிற்றுக்கிழமை 'பிரன்ச்' மேசையில் உட்கார்ந்தால் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் உணவு அல்ல. உயர்ந்து மெலிந்த ஒரு கிளாஸில் தோடம்பழ நிறத்திலோ வெளிர் இளஞ்சிவப்பிலோ ஒரு பானம் வரும். அடியிலிருந்து சிறு குமிழிகள் ஏறிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குப் பழச்சாறு போலவே இருக்கும். இந்தப் பானத்தின் கவர்ச்சியும் இதில் கவனிக்க வேண்டிய சங்கதியும் அந்தத் தோற்றத்தில்தான் இருக்கின்றன.

'பிரன்ச்' என்ற சொல்லை முதலில் அச்சில் பயன்படுத்தியவராக அறியப்படுபவர் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர். 1895இல் 'ஹன்டர்ஸ் வீக்லி' சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை ஏறத்தாழ ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்களை ஞாயிறு காலையில் எழுப்பிக் கனத்த உணவைத் திணிப்பதைக் காட்டிலும், நண்பகலை ஒட்டி இலகுவான ஓர் உணவு போதாதா என்று கேட்டார். ஆக, பிரன்ச் பிறக்கும்போதே முந்தைய இரவின் மயக்கம் அதனுடன் ஒட்டிக்கொண்டிருந்தது. நுரைக்கும் வைனும் பழச்சாறும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது பிறகு நடந்த கதை.

யார் கண்டுபிடித்தது?

மூன்று பெயர்களை அறிந்திருந்தால் மற்றவை தானாகப் புரியும்.

வயதில் மூத்தது பக்ஸ் ஃபிஸ். கப்டன் ஹேர்பேர்ட் பக்மாஸ்டர் 1919இல் லண்டனில் தொடங்கிய பக்ஸ் கிளப்பில், 1921இல் மக்கரி என்ற மதுக்கூடப் பணியாளர் இதைக் கலந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. இரண்டு பங்கு ஷாம்பெயினுக்கு ஒரு பங்கு தோடம்பழச் சாறு. (1981இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரித்தானியாவுக்கு வெற்றி தேடித்தந்த குழுவின் பெயரும் இதுதான். அந்தத் தலைமுறை ஆங்கிலேயருக்குப் பானத்தை விடக் குழுதான் முதலில் நினைவுக்கு வரும்.)

மிமோசாவும் அதே இரண்டு பொருட்களால் ஆனதுதான். ஆனால் சாறும் வைனும் சரிபாதி. கொத்தாக மஞ்சளாகப் பூக்கும் மிமோசா மலரின் நிறத்தை வைத்து வந்த பெயர் இது. 1925இல் பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலின் ஃபிராங்க் மையர் கண்டுபிடித்தார் என்று எங்கும் எழுதப்படுகிறது. இதைச் சற்று சந்தேகத்துடன் வாசிப்பது நல்லது. மையர் 1936இல் வெளியிட்ட பானக் கலவை நூலில், தன் சொந்தக் கண்டுபிடிப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு தனி அடையாளம் இட்டார். மிமோசாவுக்கு அந்த அடையாளம் இல்லை. மனிதர் தானே உரிமை கோராத ஒன்றை, ஒரு கட்டுரையைப் பார்த்து இன்னொரு கட்டுரையாக அவர் தலையில் கட்டி வருகிறோம். உணவு வரலாற்றில் இப்படி நடப்பது புதிதல்ல.

மூன்றாவது பெல்லினி. மூன்றிலும் உண்மையான சமையல் அறிவு தேவைப்படுவது இதற்கே. வெனிஸில் 1931இல் ஜுசெப்பே சிப்ரியானி திறந்த ஹரிஸ் பார் இதன் பிறப்பிடம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கடன் கதை உண்டு. ஹரி பிக்கரிங் என்ற அமெரிக்க இளைஞர் கையில் காசில்லாமல் நின்றபோது, ஹோட்டல் ஒன்றில் மதுக்கூடப் பணியாளராக இருந்த சிப்ரியானி 10,000 லீரா கொடுத்து உதவினார். பிக்கரிங் பின்னர் திரும்பி வந்து கடனைத் தீர்த்ததோடு மேலும் 40,000 லீரா கொடுத்து, ஒரு மதுக்கூடம் திறக்கச் சொன்னார். அவர் பெயரே கடைக்கு வந்தது. வெள்ளைப் பீச் பழக் கூழையும் அந்தப் பகுதியின் புரொசெக்கோ வைனையும் கலந்தபோது வந்த இளஞ்சிவப்பு, 15ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் ஓவியத்தில் ஒரு புனிதர் அணிந்திருந்த அங்கியை சிப்ரியானிக்கு நினைவூட்டியதாம். 1934க்கும் 1948க்கும் இடைப்பட்ட காலத்தில் உருவானதாகச் சொல்லப்படும் இந்தப் பானம், நெடுங்காலம் பீச் பழக் காலத்தில் மட்டுமே கிடைத்தது. இதே மேசையில்தான் 1950இல் மெல்லிய பச்சை மாட்டிறைச்சித் துண்டுகளாலான 'கார்ப்பாச்சியோ'வும் பிறந்தது. அதற்கும் ஓர் ஓவியரின் பெயர்தான்.

பெல்லினியின் உறவுக்காரர்கள் பலர். பீச்சுக்குப் பதிலாக ஸ்ட்ரோபெரி என்றால் ரொசினி. மாதுளஞ்சாறு என்றால் டின்டொரெட்டோ. மண்டரின் தோடை என்றால் புச்சினி. ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் பழங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எந்த வைன்?

விலை உயர்ந்த ஷாம்பெயினை வாங்கிச் சாற்றில் மூழ்கடிப்பது பணத்தை வீணாக்குவது. ஷாம்பெயின் என்பது பிரான்சின் அதே பெயருடைய பிரதேசத்தில் விளைந்து, போத்தலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்த வைனுக்கு மட்டும் உரிய பெயர். ஆண்டுக்கணக்கில் போத்தலில் கிடந்து அது பெறும் பாண் வாசனையும் கொட்டைப் பருப்பு வாசனையும் தோடம்பழச் சாற்றின் முதல் துளியிலேயே காணாமற்போகும். ஸ்பெயினின் காவாவும் இதே முறையில் செய்யப்படுவதுதான். விலை மிகக் குறைவு. மிமோசாவுக்கு அதுவே தாராளம். இத்தாலியின் புரொசெக்கோ, க்ளேரா என்ற திராட்சையிலிருந்து பெரிய உருக்குத் தாங்கிகளில் நொதிக்கவைக்கப்படுவது. அதன் பழ வாசனை பீச்சோடு இயல்பாகச் சேரும். பெல்லினிக்கு வேறு வைன் தேட வேண்டியதில்லை.

போத்தல் ஒட்டியில் ஒரு பொறி இருக்கிறது. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று எழுதியிருந்தால் இனிப்பே இல்லாதது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 'ப்ரூட்' என்பதை விட இனிப்பானது. ப்ரூட்டில் லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவான சீனி; எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம் வரை; வெறும் 'ட்ரை' என்றால் 32 வரையும் போகலாம். சாறு தன் பங்குக்குச் சீனியைக் கொண்டுவருவதால், வாங்க வேண்டியது ப்ரூட்.

கலக்கும் முறை

எல்லாமே குளிரில் தொடங்குகிறது. வைன் 6 முதல் 8 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்க வேண்டும். சாறும் அதே குளிரில் இருப்பது அவசியம். பலர் தவறுவது இங்கேதான்: வைனை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, தோடம்பழத்தை மேசையிலிருந்து எடுத்து அப்போதே பிழிந்து ஊற்றுவார்கள். சூடேறிய திரவத்தில் காபனீரொட்சைட்டு தங்காது. பொங்கி வழிந்து, பத்து நிமிடத்தில் தட்டையான பானம்தான் மிஞ்சும்.

இரண்டாவது எதிரி சக்கை. சாற்றில் மிதக்கும் ஒவ்வொரு சிறு துணுக்கும் குமிழிகள் பிறக்கும் இடமாகிறது. எனவே மிமோசாவுக்குச் சாற்றை மெல்லிய அரிதட்டில் வடித்தே ஆக வேண்டும். பிழிந்த சாற்றை வைத்திருக்கும் நேரமும் முக்கியம். தொப்புள் போல் அடி உள்ள நேவல் தோடம்பழங்களின் சாறு, பிழிந்து சில மணிநேரத்தில் கசக்கத் தொடங்கும். அதில் உருவாகும் லிமோனின் என்ற பொருளே காரணம். முதல்நாள் இரவே பிழிந்து வைப்பதானால் வலென்சியா போன்ற வகையைப் பாருங்கள்.

மிமோசாவுக்கு முதலில் வைன், பிறகு சாறு. கிளாஸைச் சரித்து, பியர் ஊற்றுவதைப் போல் பக்கச் சுவரில் வழியவிட்டு 75 மில்லிலீற்றர் வைன். மேலே மெதுவாக 75 மில்லிலீற்றர் சாறு. சாறு அடர்த்தி கூடியது என்பதால் தானே இறங்கிக் கலந்துவிடும். கரண்டி போட்டுக் கலக்கத் தேவையில்லை. சரித்து ஊற்றுவது வெறும் நாசூக்கு என்று நினைக்க வேண்டாம். நேராக ஊற்றுவதை விட இப்படி ஊற்றினால் கூடுதல் வாயு பானத்தில் எஞ்சுவதை பிரான்சின் ரைம்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் அளந்தே காட்டினார்கள்.

பெல்லினியில் ஒழுங்கு தலைகீழ். கூழ் தடிப்பானது, மேலே போட்டால் கட்டியாக விழுந்து நுரையைக் கிளப்பும். எனவே கூழ் 50 மில்லிலீற்றர் முதலில். புரொசெக்கோ 100 மில்லிலீற்றர் பிறகு, இரண்டு மூன்று தவணையாக. நடுவில் நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மேலே ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும்.

கூழுக்கு நன்கு பழுத்த வெள்ளைப் பீச் வேண்டும். ஐரோப்பாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கிடைக்கும். மஞ்சள் பீச்சில் புளிப்பு கூட. அந்த இளஞ்சிவப்பும் வராது. மிக்ஸியில் அடித்தால் காற்று புகுந்து நிறம் விரைவில் பழுப்பாகும். கையால் நசித்து அரிதட்டில் தேய்த்து எடுப்பதே நல்ல முறை. தோலையும் சேர்த்துத் தேய்த்தால் நிறம் கூடும். உடனே சில துளி தேசிக்காய்ப் புளி விட வேண்டும். பழம் புளிப்பாக இருந்தால் சிறிது சீனி. பருவம் இல்லாத காலத்தில் உறையவைத்த கூழ் வாங்கலாம். சிரப் ஊற்றிய ரின் பீச் மட்டும் வேண்டாம்.

இலங்கையில் நல்ல வெள்ளைப் பீச்சைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. கொடித்தோடைச் சாற்றின் புளிப்பு நுரைக்கும் வைனோடு அருமையாகப் பொருந்தும். புளிப்பு கடுமை என்பதால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு வைன். மாம்பழக் கூழைத் தண்ணீர் விட்டு இளக்கி, நார் போக வடித்தால் பெல்லினி முறையிலேயே செய்யலாம். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பீச் இல்லாதது பெல்லினி அல்ல.

போத்தல் திறப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷாம்பெயின் போத்தலுக்குள் இருக்கும் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு. தக்கை கண்ணில் பட்டுப் பார்வை இழந்தவர்கள் உண்டு. கம்பிக் கூட்டை ஆறு அரைச் சுற்றில் தளர்த்தி, தக்கையின் மேல் துவாயைப் போட்டு அழுத்திப் பிடித்து, போத்தலை 45 பாகை சரித்து, ஆட்களை நோக்காமல், தக்கையை அல்ல, போத்தலைத் திருப்புங்கள். பெருமூச்சு போல் ஒரு சத்தம் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

கிளாஸுக்குள் எவ்வளவு?

11 வீத மதுசாரம் கொண்ட புரொசெக்கோவில் செய்த ஒரு மிமோசாவில் ஏறத்தாழ 8 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கும். ஒரு பெல்லினியில் 11. பிரித்தானியாவில் ஓர் 'அலகு' என்பது 10 மில்லிலீற்றர். வாரத்துக்கு 14 அலகுக்கு மேல் வேண்டாம் என்பது அங்குள்ள சுகாதார அறிவுரை. ஞாயிறு காலை நான்கு பெல்லினி குடித்தால் வாரப் பங்கின் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உணவு வரும் முன்னரே முடிந்துவிட்டது. 'கணக்கில்லாமல் ஊற்றுகிறோம்' என்று விற்கும் பிரன்ச் கடைகளில் இது நான்கோடு நிற்பதில்லை. சாற்றின் இனிப்பு மதுசாரத்தை மறைக்கிறது. கிளாஸ் காலியாகும் முன்பே நிரப்பப்படுவதால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கும் தப்புகிறது. வீடு திரும்ப வாகனம் ஓட்டுபவருக்கு இது வேடிக்கையல்ல. இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு இங்கிலாந்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம். ஸ்கொட்லாந்திலும் பிரான்சிலும் 50தான்.

இலங்கையில் இந்தக் கிளாஸ் வேறொரு அரசியலையும் சுமக்கிறது. பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்தத் தீர்மானத்தை மீளப் பெறச் செய்தார். அதே காலத்தில் நட்சத்திர ஹோட்டல்களின் பிரன்ச் மேசைகளில் பெண்களுக்குப் பரிமாறப்படுவதை யாரும் கேள்வி கேட்கவில்லை. விதி யாருக்காக இருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

நம் வீடுகளில் பிரன்ச் வைத்தால் மேசையில் குடிப்பவர்களும் குடிக்காதவர்களும் சேர்ந்தே இருப்பார்கள்: அம்மம்மா, பிள்ளைகள், கர்ப்பிணியான மச்சாள், விரதக்காரர். எல்லோருக்கும் ஒரே அழகான கிளாஸ் கொடுப்பது நல்ல விருந்தோம்பல். அதே சாற்றை அதே அளவில் ஊற்றி, வைனுக்குப் பதிலாக நன்கு குளிர்ந்த சோடாவோ நுரைக்கும் திராட்சைச் சாறோ விட்டால் தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. ஆபத்தும் அதுதான். இரண்டையும் ஒரே தட்டில் கொண்டுவராதீர்கள். மதுசாரம் இல்லாதவற்றை வேறு வடிவக் கிளாஸில், முதலில், தனியாகப் பரிமாறி முடியுங்கள். பிறகு வைன் போத்தலை மேசையில் வைத்தே, கேட்பவர் கண்முன்னால் ஊற்றுங்கள். தன் கிளாஸில் என்ன இருக்கிறது என்று யாரும் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர்: பத்து மிமோசா, அல்லது ஏழு பெல்லினி. மிஞ்சினால் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் குமிழி போகாது என்பார்கள். அதில் ஒன்றுமில்லை, போத்தலைக் காப்பது குளிர் மட்டுமே. இறுக்கும் மூடி ஒன்று போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் அடுத்த நாளும் பாவிக்கலாம்.