பிட்ரேஸ்

பிட்ரேஸ் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறையின் நினைவகத்தையும் பதிவகங்களையும் இன்னொரு செயல்முறை படிக்கவும் மாற்றவும் உதவும் யூனிக்ஸ் அமைப்பு அழைப்பு. 1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அறிமுகமானது. லினக்ஸில் ஜிடிபி போன்ற பிழைத்திருத்திகள் இதைக் கொண்டே இயங்குகின்றன.

நினைவகத்தைப் படிக்கும் அடிப்படைக் கோரிக்கை, 64 பிட் லினக்ஸில் ஒரு தடவைக்கு 8 பைட்டுகளையே தரும். பெரிய பகுதிகளைப் படிக்க, 'பிராக்' அடைவில் அச்செயல்முறையின் எண்ணின்கீழ் உள்ள 'மேப்ஸ்' கோப்பில் முகவரி எல்லைகளை அறிந்து, 'மெம்' கோப்பில் அந்த இடத்திலிருந்து படிப்பார்கள். செயல்முறைகளைக் கோப்புகளாகக் காட்டும் இம்முறையை யூனிக்ஸ் எட்டாம் பதிப்பில் டாம் கில்லியன் உருவாக்கினார்.

கடவுச்சொற்களும் குறியாக்கச் சாவிகளும் நினைவகத்தில் வெளிப்படையாக இருக்கக்கூடும். எனவே, பிற பயனரின் செயல்முறையைப் படிக்கப் பொதுவாக ரூட் உரிமை தேவை. லினக்ஸின் 'யாமா' பாதுகாப்புக் கூறு, ஒரே பயனரின் செயல்முறைகளுக்கு இடையிலும் இதைக் கட்டுப்படுத்த வல்லது.