நான்கு சக்கர இயக்க வாகனங்களின் ஓட்ட ஒலிகள்: கண்டறிதலின் வரலாறு

நான்கு சக்கர இயக்க வாகனத்தில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள், டிஃபரன்ஷியல்கள், அச்சுகள், ஹப் பேரிங்குகள் ஆகியவை சேர்ந்தது இயக்கத்தொடர் ஆகும். இவை தேயும்போது எழும் ஒலிகள் வாகனத்தின் வேகத்துடன் சேர்ந்து ஏறி இறங்கும். இரு சக்கர இயக்க வாகனத்தில் இல்லாத இரண்டாவது ஷாஃப்ட்டும் இரண்டாவது டிஃபரன்ஷியலும் இதில் இருப்பதால், ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறிவது கடினம். தவறாகக் கணித்தால் நல்ல உறுப்பு கழற்றப்பட்டுப் பழுதான உறுப்பு அப்படியே இருந்துவிடும். ஓடும்போது அறுந்து விழும் ஷாஃப்ட்டும் இறுகிப்போகும் ஹப் பேரிங்கும் உயிருக்கே ஆபத்தானவை.

தொடக்ககாலம்

1900இல் காட்சிக்கு வந்த லோனர்-போர்ஷே மின்வண்டியில் சக்கரத்தின் ஹப்பிலேயே மோட்டார் இருந்தது. எனவே அதற்கு ஷாஃப்ட் தேவைப்படவில்லை. நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903இல் உருவாக்கிய பெட்ரோல் கார் ஒரே எஞ்சினின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓட்டோ ஸாக்கோவும் வில்லியம் பெஸர்டிக்கும் திரும்பும் முன் சக்கரத்துக்கு ஆற்றல் தரும் இணைப்பை உருவாக்கி 1908இல் காப்புரிமை பெற்றனர். முதல் உலகப்போரில் ஓடிய எஃப்.டபிள்யூ.டி. லாரிகள் இதன் வழி வந்தவை.

இந்த வாகனங்கள் அனைத்தும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே: ஒரு கோணத்தில் நிற்கும் இரு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்துவது எப்படி? இதற்கான சிலுவை வடிவ இணைப்பு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அறியப்படுகிறது. ஹூக் 1676இல் இதை விவரித்தார். பட்டறைகளில் யுனிவர்சல் ஜாயிண்ட் எனப்படும் இதற்கு ஒரு குறை உண்டு. முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு ஒரு சுற்றில் இருமுறை வேகம் கூடிக் குறையும். கோணம் பெரிதாகும்போது இந்த ஏற்ற இறக்கமும் பெரிதாகும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஜாயிண்ட்டுகளை ஒரே தளத்தில் அமைத்து, கோணங்களையும் சமமாக்கினால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். இந்தச் சமநிலை கெடும்போது அதிர்வு பிறக்கிறது.

கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் தூசு புகாமல் மூடிய யுனிவர்சல் ஜாயிண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கார்களில் சங்கிலி இயக்கம் குறைந்து ஷாஃப்ட் பரவியது. 1920களில் திராக்டா, வைஸ், ரெஸப்பா என்னும் சீர்வேக ஜாயிண்ட்டுகள் தோன்றின. அதே காலத்தில் கிளீசன் நிறுவனத்தின் ஹைப்பாய்டு பல்சக்கரங்களும் அச்சுகளுக்கு வந்தன. இவற்றில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி பொருந்துவதால் ஒலி குறைந்தது. ஆனால் இவற்றுக்கு உயர் அழுத்தம் தாங்கும் தனி எண்ணெய் தேவை. பொருந்தாத எண்ணெயை ஊற்றினால் பற்கள் தேய்ந்து ரீங்காரம் கிளம்பும்.

ஜீப்பின் ஒலிகள்

1941இல் பெருமளவு உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப் நான்கு சக்கர இயக்கத்தைச் சிற்றூர் மெக்கானிக் வரை கொண்டுசேர்த்தது. அதில் மைய டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தொலைவு உருள்வதால், கெட்டித் தரையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் தொடர் முழுவதும் முறுக்கேறும். சக்கரம் வழுக்கி அது விடுபடும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்கும். இது பழுதின் அறிகுறி அன்று, பயன்பாட்டுப் பிழையின் அறிகுறி.

போருக்குப்பின் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948இல் முன் சக்கரங்களை அச்சிலிருந்து விடுவிக்கும் பூட்டு ஹப்புகளை விற்கத் தொடங்கினார். எரிபொருளைச் சேமிக்க வந்த இவை சோதனைக் கருவியாகவும் பயன்பட்டன. ஹப்பை விடுவித்து, நெம்பைப் பின் சக்கர இயக்கத்தில் வைத்து ஓட்டினால் முன் ஷாஃப்ட்டும் முன் டிஃபரன்ஷியலும் சுழலாமல் நிற்கும். அப்போது ஒலி மறைந்தால் பழுது முன்பக்கத்தில் உள்ளது.

இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனித்து நின்றது. அதனால் அதற்கு மூன்று ஷாஃப்ட்டுகள் இருந்தன. ஆராய வேண்டிய ஜாயிண்ட்டுகளும் அதற்கேற்பக் கூடின.

வேகத்தின் கணக்கு

ஒலியின் தாளம் உறுப்பைக் காட்டிக்கொடுக்கும். வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு 2.25 மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு சுமார் 7 முறையும் ஷாஃப்ட் சுமார் 36 முறையும் சுழலும். ஜாயிண்ட் கோணத்தால் வரும் அதிர்வு அதன் இருமடங்காக, நொடிக்கு 72 முறை இருக்கும். பினியனுக்கு 8 பற்கள் எனில் பற்கள் சந்திக்கும் ரீங்காரம் நொடிக்கு சுமார் 290 அதிர்வுகள். எனவே மெதுவான தட்டல் சக்கரத்தையும் டயரையும், நடுத்தர அதிர்வு ஷாஃப்ட்டையும், உயர்ந்த ரீங்காரம் பல்சக்கரத்தையும் சுட்டும்.

கண்டறியும் முறை

இந்தக் கணக்கிலிருந்து பட்டறைகளில் ஒரு வரிசை உருவானது. சமதளமான வெறிச்சாலையில், எஞ்சினை அணைக்காமல் வண்டியை நியூட்ரலில் உருளவிடுவது முதல் படி. ஒலி சாலை வேகத்துடன் தொடர்ந்தால் எஞ்சின் காரணம் அன்று. சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயரைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ரீங்காரம் மாறினால் கிரவுன்–பினியன் பற்கள் காரணமாகலாம். இரண்டு நிலையிலும் மாறாத உறுமல் பேரிங்கைக் காட்டும். இடப்பக்கம் திருப்பும்போது உறுமல் கூடினால் பாரம் ஏறும் வலப்பக்க ஹப் பேரிங்கை முதலில் பார்ப்பர். மெதுவான ஓட்டத்தில் கேட்கும் கீச்சொலி கிரீஸ் வறண்ட ஜாயிண்ட் கிராஸின் அடையாளம்.

1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் மைய டிஃபரன்ஷியலுடன் எப்போதும் நான்கு சக்கரங்களையும் இயக்கியது. 1973ஆம் ஆண்டின் ஜீப் குவாட்ரா-டிராக் அமைப்பு ட்ரான்ஸ்ஃபர் கேஸில் சங்கிலியைப் பயன்படுத்தியது. நீண்டு தளர்ந்த சங்கிலி, பாரம் ஏறும்போது பல் தாவி அறைவது போல ஒலிக்கும். இவ்வகை வாகனங்களில் ஒரு அச்சை மட்டும் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டுவது ஆபத்தானது. தரையில் உள்ள சக்கரங்களுக்கும் ஆற்றல் சென்று வண்டி தாங்கியிலிருந்து பாய்ந்துவிடலாம்.

செவியிலிருந்து நிறமாலைக்கு

நெடுங்காலம் மெக்கானிக்கின் கருவி ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியில் வைத்த செவிதான். 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்ற முறை, கலந்த ஒலியை அதிர்வெண்களாகப் பிரிப்பதைக் கணினிக்கு எளிதாக்கியது. இன்று கைப்பேசியே அந்த வேலையைச் செய்கிறது. எனினும் திரையில் தெரியும் 72 என்னும் எண், ஷாஃப்ட்டின் சுழற்சி 36 என்று அறிந்தவருக்கே பொருள் தரும். எஞ்சின் ஓசை இல்லாத மின்வாகனங்களில் பல்சக்கரத்தின் சிறு ரீங்காரமும் தெளிவாகக் கேட்பதால், இந்தக் கணக்கின் தேவை குறையவில்லை.